கைதட்டியவர்கள் எழுதும் மடல்

ஆஷ்வெல் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் சமயப் பாடம் பயிற்றுவித்து ஓய்வு பெறும் திருமதி மேரியன் ஓல்ட்ராய்ட் அவர்களுக்கு

வாதத்தில் வன்மையும் வார்த்தையில் மென்மையும் வாய்த்த பெருமாட்டியே!

யார்க்‌ஷயர் மழையிலும் குடையை மறந்து வருபவரே, மறந்தும் பிறர் மனம் நோகப் பேசாதவரே!

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்தோறும் நம் உணவுக்கூடத்தில் நடந்த 'கடவுள் உண்டா' விவாதத்தில், இல்லையென்போராகிய சக ஆசிரியர்கள் நாங்கள் ஒன்பது பேர் எதிரே அமர, உண்டென்று தனித்து நின்று வாதாடினீர்கள். எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கலாம் என்று விதி வகுத்தவரும் தாங்களே! எங்கள் வாதங்களை எங்களைவிட அழகாகச் சொன்னவரும் தாங்களே!

இப்படியே புகழ்ந்து முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தோம். வெட்கம் விடவில்லை.

மூன்று மாதம் நோயுற்றிருந்த தங்கள் கணவர் எட்வின் மறைந்த ஆறாவது வாரம் விவாத நாள் வந்தது. தள்ளி வைக்கலாமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுள் ஒருவன் எழுந்து, "மூணு மாசமா ஜெபம் பண்ணீங்களே மேரியன், உங்க ஆண்டவருக்குக் காது மந்தமா?" என்றான். கூடம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம், அதோடு நில்லாமல் கைதட்டினோம்!

தாங்கள் அன்றும் விதி தவறவில்லை. "நீங்க கேட்டது பாதிதான். மீதியையும் நானே சொல்றேன். அன்பு இருந்தா ஏன் காப்பாத்தல? காப்பாத்த முடியாதுன்னா அவர் எதுக்கு? சரியா சொல்றேனா?" என்று கேட்டு, அவன் 'ஆம்' என்னும் வரை காத்திருந்தீர்கள். பிறகு, "தினமும் நானும் இதையேதான் கேக்குறேன். அவர்கிட்டயேதான் கேக்குறேன்" என்று சொல்லி அமர்ந்தீர்கள். கூடத்தார் கைதூக்கி வாக்களிக்க, நாங்கள் வென்றோம். தேநீர் வேளையில் எங்களுக்கு இஞ்சிக் கேக் வெட்டித் தந்ததும் தாங்களே.

மறு ஆண்டு, தேர்வு நெருக்கடி என்று சாக்குச் சொல்லி விவாதத்தையே கைவிட்டோம். தங்கள் முகத்தைப் பார்க்கக் கூசியதே காரணம். இந்த நான்கு ஆண்டுகளில் மன்னிப்புக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நம்பிக்கையில் இன்றும் தங்களோடு உடன்பட்டோமில்லை; ஜெபிக்கவும் அறியோம். ஆயினும் முழங்கால் வலி நீங்கி, விட்பி கடற்கரையில் நெடுங்காலம் நடந்து, நல்லுறக்கமும் நன்னட்பும் பெற்று வாழ்க என மனமார வாழ்த்துகிறோம்! இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். ஆசிரியர் அறையில் நாங்களே மாட்டிக்கொள்கிறோம்.

குரல்வளம் மிக்கோர் பலர் இருந்தும், அந்தக் கேள்வியைக் கேட்டவனே இவ்வழியனுப்பு விழாவில் இதை வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மேரியன், வாசித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

கென்னத் பிக்கர்ஸ்கில், இயற்பியல் துறை;
அன்று கைதட்டிய மற்ற எண்மர்.