துரோகிகள் ஃபோல்டர்

...இல்லம்மா, கடைக்குத் தூக்கியாந்த இந்தக் கம்ப்யூட்டரு மவுஸ நீ தொடறதுக்கு முன்னாடி எனக்கு நடந்த அநியாயத்த வரிசையா கேட்டுக்க. வரிசை மாறக்கூடாது. மாறினா போராட்டம் நீர்த்துப்பூடும்.

ஒண்ணு. மில்லு கேட்டுல பந்தல் போட்டு உக்காந்தப்ப நாங்க பாடிப் பதிஞ்ச கேசட்டு, ஒரு கோணி மூட்ட. எம் மச்சான் பரணையில போட்டு வச்சி எலி தின்னுடிச்சி. எலி மேல எனக்குக் கோவம் இல்ல, அதுக்குப் பசி. மச்சானுக்கு இன்னா பசி?

ரெண்டு. மிச்சத்த கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன்னு ஒரு ஸ்டுடியோக்காரன் வாங்கினான். ஏத்தினான். எல்லாப் பாட்டுக்கும் டிராக் ஒண்ணு, டிராக் ரெண்டுன்னு பேரு. தொழிலாளிக்கு நம்பர் போடற மொதலாளி புத்தி! நான் உக்காந்து ஒண்ணொண்ணுக்கும் பேரு வச்சேன். பாடினவன் யாரு, எந்த ஊரு, எந்தப் போராட்டம், போலீசு அடிச்சிதா அடிக்கலியா... பதினோராயிரம் பாட்டும்மா! எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்குக் கூட அவ்ளோ கவனமா பேரு போடல. மாப்ள பேரே தப்பா வந்திச்சி. அத்த வுடு.

மூணு. இந்தப் பாட்டு சாப்ட்வேரு. தொறந்தா ஒவ்வொரு பாட்டு பக்கத்துலயும் செவப்பா ஆச்சரியக்குறி. ஏண்டா, நீ இன்னாத்துக்கு ஆச்சரியப்படற? நான் இல்ல ஆச்சரியப்படணும்! தட்டினா 'ஃபைல் இல்ல'ங்குது. நேத்து இருந்திச்சேடா! லிங்க் செத்துடிச்சாம்.

சிரிக்காத. உம் பேரு இன்னா சொன்ன? பிரியதர்ஷினி. கேளு பிரியதர்ஷினி, நான் ஒதியம்பட்டு ஒலகநாதன். கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கு நிறுவனத் தலைவரு. ஆயுட்காலத் தலைவரு. இந்த வில்லியனூர்ல நான் போஸ்டர் ஒட்டாத செவுரு இல்ல, என்ன ஏத்தாத போலீசு ஜீப்பு இல்ல. எங்கிட்டயா வேல காட்டறது? கூட்டத்துக்குக் கூப்பிட்டு வராத உறுப்பினன இன்னா பண்ணுவோம்? நீக்குவோம். கூப்பிட்டு வராத பாட்டுக்கும் அதே சட்டம். ஞாயித்துக்கெழம ஆனா களை எடுப்பேன். 'இந்தச் செத்த லிங்க எடுத்துரட்டுமா'ன்னு அது பணிவா கேக்கும். எடுறான்னு அமுக்குவேன். பதினோராயிரம் எட்டாயிரமாச்சி, மூவாயிரமாச்சி... இப்ப சங்கத்துப் பட்டியல்ல இன்னா மிச்சம், நீயே பாரு. ஒண்ணு. கடைசியா ஏத்தினது, நான் பாகூர் ஏரி மதகாண்ட பேசின பேச்சு. நல்ல பேச்சுதான். ஆனா பாட்டாவுமா?

நாளிக்கி மடுகரையில செல்லக்கண்ணு படத்தெறப்பும்மா. எங்க பாட்டுக்காரன். போலீசு மைக்க புடுங்கிகினு போனா, அந்த மைக்கு ஸ்டேஷன் போற வரைக்கும் அவன் கொரலு அதுக்குக் கேக்கும். அவன் பொண்ணு செல்வகுமாரி நேத்து வூட்டு வாசல்ல வந்து நிக்குது. "மாமா, எங்கப்பா கொரலு உங்க கிட்ட மட்டுந்தான் இருக்குது. படம் தெறக்கசொல்ல ஒரே ஒரு பாட்டு போடுங்க மாமா"ன்னு. நான் நெஞ்சத் தட்டி, பதினோராயிரம் வச்சிருக்கறன் தாயின்னு அனுப்பிட்டேன். இந்த வாயி இருக்குதே...

இன்னாது? போல்டரு பேர மாத்தினா லிங்க் செத்துடுமா? அத்தானே நானும் சொல்றேன், சதி! எவன் மாத்தினான்? கண்டுபுடி. கண்டுபுடிச்சி ஊர் முன்னாடி நிறுத்தணும்.

இரு, நான் வெளக்கறேன். மொதல்ல போல்டரு பேரு 'கரும்பு விவசாயிகள் சங்கம்'. தெய்வநாயகம் பிரிஞ்சி போயி அதே பேருல போர்டு மாட்டிட்டான். நாங்க 'உண்மை'ய சேத்தோம். போர்டுல சேத்தா போல்டர்ல சேக்க வாணாமா? அப்பால ராஜேஷ் பிரிஞ்சி, 'உண்மை'யையும் தூக்கிகினு பூட்டான். நாங்க 'அசல் உண்மை'. அதுக்கப்புறம் 'ஒரே அசல் உண்மை'. ஒவ்வொரு வாட்டியும் தீர்மானம் நிறைவேறின ஒடனே வூட்டுக்கு வந்து, சட்டையக் கூட கழட்டாம, போல்டரு பேர மாத்தினது...

நான்தான்.

ஆமா, நான்தான். வேற எவன் மாத்துவான்? பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தானே தெரியும். அப்படிப் பாக்காதம்மா. கொள்கை!

பாட்டெல்லாம் பத்திரமா இருக்குதா? பேரு மாறின எடத்துல உக்காந்துகினு இருக்குதா? ஒண்ணும் சாவலியா? நல்ல காலம். ஆனா அங்க செல்லக்கண்ணு இருக்கமாட்டான். அவன வேற எடத்துல வச்சிருக்கறன். கீழ போ. இன்னும் கீழ. அந்தா. பேர வாய்வுட்டுப் படிக்காத... படிச்சிட்டியா. துரோகிகள். ராஜேஷ் பொண்ணு மஞ்சத்தண்ணிக்குப் போயி பந்தல்ல பாடினாம்மா! போனது கூட பரவால்ல. பாடினான்! நீக்கிட்டேன். அதுலேர்ந்து பஸ்ல எதிர் எதிர சீட்டு கெடச்சா கூட அவன் ஒரு ஜன்னல பாப்பான், நான் ஒரு ஜன்னல பாப்பேன்.

தொற. அட, ஒரு ஆச்சரியக்குறி கூட இல்லியே! எப்படி இருக்கும்... இந்த ஒரு போல்டரு பேர மட்டும் நான் மாத்தவே இல்லியே. துரோகிக்கு இன்னா, எப்பவும் ஒரே பேருதான். தெய்வநாயகம் இருக்கானா? இருக்கான். பிரேமு? கலியம்மா கூடவா! எல்லாம் இங்கதான் கூட்டமா உக்காந்திருக்குதுங்க. நான் மட்டும் அங்க தனியா பேசிகினு...

போடாத. சரி, போடு.

...அவன்தான். அந்த இருமலு கேட்டுச்சா? வரிக்கு நடுவுல இருமுவான். பீடி. அந்த இருமலையும் தாளத்துல இருமுவான் பாவி. நிறுத்தாத, ஓடட்டும்.

பென்டிரைவ்ல மட்டும் இப்ப ஏத்தாத. சங்க விதி இருக்குது. நீக்கப்பட்டவன் பாட்ட சங்கத்துக்காரன் எவனும் மேடையில போடக்கூடாது. எழுதினவன் நான். திரும்பச் சேக்கலாம்னா அவனே நேர்ல வந்து மன்னிப்பு கேக்கணும். அதுவும் நான் எழுதினதுதான். செத்தவன் எப்படி வருவான்? விதிய மாத்தணும்னா பொதுக்குழு கூடணும், கொறஞ்சது மூணு பேரு வேணும். சங்கத்துல இப்ப எத்தினி பேருன்னு மட்டும் கேக்காத. கேக்கறியே... நான்தாம்மா. நான் ஒருத்தன்தான்.

நீக்கப்பட்ட இன்னொரு துரோகி வேணா அவன் பாட்ட மேடையில போடலாம். அதுக்கு விதியில தடை இல்ல. ஆனா அவனுங்க வாசல்ல போயி இந்த ஒலகநாதன் நிப்பானா?

ஒருத்தன நீக்கறதுக்கு மட்டும் பொதுக்குழு வாணாம். தலைவர் போதும். வெளியாளுங்க ரெண்டு பேர சாட்சி வச்சி, பேர சத்தமா படிக்கணும், அவ்ளோதான். யோவ், டீ கிளாசு வச்சிருக்கற அண்ணே, உள்ள வாங்க. ஜெராக்ஸ் எடுக்க வந்த பாப்பா, நீயும் நில்லு. கையெழுத்து வாணாம், காது போதும். பாட்டு ஓடட்டும் பிரியதர்ஷினி, கொஞ்சம் சத்தத்த மட்டும் கொற.

"பதினோராயிரம் பாடல்களைக் கூப்பிட்டும் வர முடியாத நிலைக்குத் தள்ளிய குற்றத்திற்காகவும், சங்கத்தை ஒரே ஆளாகச் சுருக்கிய குற்றத்திற்காகவும், கீழ்க்கண்டவர் ஒரே அசல் உண்மைக் கரும்பு விவசாயிகள் சங்கத்தின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் இன்று முதல் நீக்கப்படுகிறார். சங்க உறுப்பினர்கள் எவரும் இவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் பெயர்..."

கேக்குதா அண்ணே? நல்லா கிட்ட வாங்க.

"ஒதியம்பட்டு, ஆறுமுகம் மகன், உலகநாதன்."