காவலரண் கூரையில் வடிந்த மஞ்சள் திரவம் பற்றி

எனது பெயர் சாமித்தம்பி நல்லரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. முகவரி திராய்மடு, மட்டக்களப்பு. தொழில் வாவியில் மீன்பிடித்தல். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் படித்தால் வாத்தியாருக்குச் சங்கடம் என்பதால் நிறுத்திக்கொண்டேன். நடந்த எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்பதை முதலில் பதிய வேண்டும். கடல் வரும் என்று சொன்னேன், யுத்தம் முடியும் என்று சொன்னேன், என் மருமகனைப் பொலிஸ் பிடிக்கும் என்றும் சொன்னேன். கேட்க ஆளில்லை.

மருமகன் என்பது என் தங்கையின் மகன் உதயரூபன். 2004 மார்கழியில் கடல் வந்து நாவலடியில் எங்கள் வீடுகளை எடுத்த பின்னர் முகாமில் இருந்தோம். விஞ்ஞானம் படித்த அவன், தாயைத் தேடித் திரிந்து, தேடுவதை நிறுத்திய பின்னர், முகாமில் குவிந்து கிடந்த வெறும் சோடாப் போத்தல்களைப் பொறுக்க ஆரம்பித்தான். அதன் பின்னர் ஒரு போத்தலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தலைகீழாக நிறுத்தி ஏவினான். அந்தச் சத்தத்துக்கு முகாம் முழுவதும் நிலத்தில் குப்புறப் படுத்தது. அதன் பின்னர் எழும்பிப் பார்த்தால் எல்லோர் தலையிலும் தண்ணீர். அந்த முகாமில் முதன்முதல் சிரிப்புக் கேட்டது அன்றுதான். போத்தல் சந்திரனுக்குக் கிட்டப் போய்த் திரும்பியதை நான் என் கண்ணால் கண்டேன்.

அதன் பின்னர் அவன் ஒரு ரொக்கட் கழகம் அமைத்தான். யுத்த காலத்தில் ரொக்கட் என்று வாயெடுக்க முடியாது என்பதால் 'தண்ணீர் விளையாட்டுக் கழகம்' என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்தது நான்.

யுத்தம் முடிந்த பின்னர், இந்த 2009 ஆடியில், அனுமதி பெற்று, புளியந்தீவுக் கழகத்துடன் வாவிக்கரையில் போட்டி வைத்தோம். அந்தக் கழகத்தின் தலைவி மேர்லின் டீச்சர். ரொக்கட்டின் மூக்கில் பச்சை முட்டை ஒன்றை வைத்து ஏவ வேண்டும். மேலே போனதும் துணிக்குடை விரிந்து மெதுவாக இறக்கும். முட்டை உடையாவிட்டால் கோப்பை. அவர்களுடையது உடைந்தது. அதன் பின்னர் எங்கள் ரொக்கட் மேகத்தைத் துளைத்துக்கொண்டு போனது. தென்னை உயரம்தான் என்று மேர்லின் டீச்சர் சொல்வது பொறாமை. அதன் பின்னர் கச்சான் காற்று அதைத் தள்ளிப்போய் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த காவலரண் கூரையில் போட்டது. நான் தோணியில் போனேன். ஆமிக் கப்டன் எழுந்து சலூட் அடித்து முட்டையை என் கையில் தந்தார். கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. கோப்பை எங்களுக்குக் கிடைத்தது.

அன்று பின்னேரம் உதயரூபனைப் பிடித்தார்கள். கூரையிலிருந்து ஒரு சிப்பாயின் தோளில் வடிந்த மஞ்சள் திரவம் என்ன என்று கேட்டதற்கு, "முட்டை உடையல்ல, மாமா கொண்டுவந்தாரு, வேற ஒண்ணும் அதுக்குள்ள வைக்கல்ல" என்று அவன் சொன்னதாக அறிகிறேன். அவனுக்குப் பொய் வராது. அதன் பின்னர் அவனைக் கொழும்புக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அவன் மனைவி பிரஷாந்தி வந்து சொன்னாள். பொலிஸ் வாசலில் வாங்க மறுத்த சோற்றுப் பார்சலை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஆகவே நானாகவே இங்கு வாக்குமூலம் கொடுக்க வந்தேன்.

இதை எழுதும் சார்ஜன்ட் மர்சூக் இவ்விடத்தில் பேனையை வைத்துவிட்டு, "அண்ணே, இது எழுதுறத்துக்கில்ல, எனக்கு அறியத்தான். வெறும் தண்ணில போத்தல் எப்பிடி மேல போற?" என்று கேட்டார்.

"காத்த அடைச்சா போத்தலுக்கு மூச்சு முட்டும் சேர். தண்ணியத் துப்பிட்டு ஓடும். மருமகனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்த."

"அப்ப அந்த மஞ்சள்?"

"கண்ணகை அம்மன்ட மஞ்சத் தண்ணி சேர். ரொக்கட்டுக்குத் தெளிச்ச."

"மஞ்சத் தண்ணி நாறுமா அண்ணே? அந்தக் காவலரண்ல இப்ப ஆள் இருக்கேலாதாம். அந்தத் திரவத்தக் கொழும்புக்கு அனுப்பித்தான் சோதிச்சுப் பாக்கணும். முடிவு வாற வரைக்கும் தம்பியும் அங்கதான். மாசமும் ஆகும், வருசமும் ஆகும்."

அதன் பின்னர் நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அதன் பின்னர் கூறுவதாவது: நான் காவலரணுக்குப் போகவில்லை. ஓடையின் நடுவில் போகும்போதே சிப்பாய் ஒருவர் கையை உயர்த்தினார். அது சலூட் அல்ல, திரும்பிப் போ என்பதாகும். நான் காட்டியது என் வீட்டுக் கோழியின் முட்டை. ரொக்கட் முட்டை உடையும் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதால் மடியில் கொண்டுபோயிருந்தேன். கோப்பை யாருக்கும் உரியதல்ல.

அதன் பின்னர் உதயரூபன் கூட்டிவரப்பட்டு இது அவனுக்கு வாசிக்கப்பட்டது. அவன் ஏசுவான் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவன் கிட்ட வந்து, "மாமா, முட்ட எந்தப் பக்கத்தால உடைஞ்ச? கூர்ப் பக்கமா, பருத்த பக்கமா? அது தெரிஞ்சாத்தான் குடையில பிழையா, மூக்கில பிழையா எண்டு பாக்கலாம்" என்று கேட்டான். சார்ஜன்ட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எனக்குத் தெரியாது. நான் அதைக் காணவில்லை.

முட்டை உடையாமல் வந்தது என்பது மாத்திரம் நான் கட்டிய கதை என்றும், மிகுதி அவ்வளவும் உண்மை என்றும், வாசிக்கக் கேட்டு விளங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

சா. நல்லரத்தினம்