பதினேழாம் மேசையின் ரெண்டுதரம் அக்காவுக்கு

எண் தேடி வந்தோர்க்கெல்லாம் ஏமாற்றம் தராத ஏந்தலே! முப்பத்து மூன்று ஆண்டுகள் தொலைபேசிக் காதுக்கருவி அழுத்திக் காய்த்துப்போன காதுக்குச் சொந்தக்காரரே! எங்கள் ரெண்டுதரம் அக்காவே! வணக்கம்.

சட்டம் போட்ட பிரிவுபசார மடலை மேலதிகாரி வாசித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இது மிச்சமிருக்கும் நாங்கள் ஏழு பேர் எழுதியது. அடைமொழி இதற்குமேல் வராது அக்கா, எங்களுக்கும் அலுத்துவிட்டது.

தாங்கள் சேர்ந்தபோது, கேட்பவர்களுக்குத் தொலைபேசி எண் தேடிச் சொல்லும் இந்த விவரச் சேவையில் நாற்பது மேசை, மேசைக்கு நான்கு தடித்த புத்தகம். ஐந்து இலக்கம் ஆறாகி, ஆறு ஏழாகி, வட்டாரத்துக்கொரு சேவை எண் என்றிருந்தது ஒரே எண்ணாகி, புத்தகம் திரையாகி, எல்லாம் மாறியும் தாங்கள் மாறவில்லை. யார் கேட்டாலும் எண்ணை இரண்டு தரம் நிதானமாகச் சொல்லி, "எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்ட பிறகே துண்டித்தீர்கள். பாதிப்பேர் நன்றிகூடச் சொன்னதில்லை.

தங்கள் மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு வருடம். அவள் எண் தங்கள் திரையிலேயே இருந்தது, 'யாருக்கும் தரக்கூடாது' என்று அவளே எழுதிக் கொடுத்த குறிப்போடு. "ஒரு தடவை கூப்பிட்டுத்தான் பாருங்களேன்க்கா" என்று நச்சரித்தோம்.

"அது எனக்குக் கொடுத்த நம்பர் இல்லம்மா, ஆபீசுக்குக் கொடுத்தது" என்றீர்கள்.

சென்ற செவ்வாய் மதியம் ஓர் அழைப்பு. தன்னிடமுள்ள பழைய எண் போகவில்லை, தண்ணீர்த்தொட்டித் தெரு ஒன்பதாம் வீட்டுக்குப் புது எண் வேண்டும் என்றாள் ஒருத்தி. அது தங்கள் வீடு. மேற்பார்வையாளர் தன் மேசையிலிருந்து அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். தாங்கள் எண்ணைச் சொன்னீர்கள், வழக்கம்போல இரண்டு தரம்.

"எந்நேரம் கூப்பிட்டா எடுப்பாங்க?" என்றாள்.

எண்ணைத் தவிர எதையும் சொல்லக்கூடாது என்பது விதி. "முப்பதாம் தேதியோட அவங்களுக்கு வேலை முடியுது. அப்புறம் எந்நேரமும் வீட்லதான் இருப்பாங்க" என்றீர்கள்.

தாங்கள் கேட்காமலே, "எழுதிக்கிட்டேன்" என்றாள்.

முப்பத்து மூன்று ஆண்டில் தாங்கள் மீறிய அந்த ஒரே விதி எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. மேற்பார்வையாளரின் கையெழுத்தும் கீழே இருக்கிறது.

இன்று முப்பதாம் தேதி. நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் நிறைவாக வாழ்க! பரிசுப் பையை நாளை நாங்களே கொண்டுவந்து தருகிறோம். பேசியது போதும், சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புங்கள் அக்கா. பூட்டின வீட்டுக்குள் மணி அடித்துக்கொண்டிருக்கக்கூடாது.

இப்படிக்கு,
மிச்சமிருக்கும் ஏழு மேசையார்,
விவரச் சேவைக் கூடம்