பதினோரு மணிக்கு வரும் மீன்கள்

— மறுபடியும் கேக்குறேன். பகல்ல இந்த வீட்டுக்குள்ள யாரு வர்றா?

— மறுபடியும் சொல்றேன். எட்டு மணிக்கு நீங்க டயர் கம்பெனிக்குக் கிளம்புறீங்க. ஒன்பதுக்கு நான் வீட்டைப் பூட்டிட்டு லேபுக்குப் போறேன். பகல்ல இங்க இருக்கிறது உங்க மீன் ஏழும்தான். வேணும்னா அதுங்களைக் கேட்டுப் பாருங்க.

— கேட்டாச்சு. அதுங்கதான் உன்னைக் காட்டிக் கொடுத்துச்சு.

— அடேங்கப்பா! நாள் பூரா ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஓய்ஞ்சுபோய் வந்திருக்கேன், மனுஷன் மீன்கிட்ட சாட்சி வாங்கி வச்சிருக்காரு.

— சிரிக்காத. துணி மடிச்சது போதும், இங்க வந்து பாரு. இந்த ஆந்தியாஸ் இருக்கே, இந்த ஆரஞ்சுக் கூட்டம், இதுங்களுக்கு மணி பார்க்கத் தெரியும். யாரு எந்த மூலையில எத்தனை மணிக்குத் தீனி போடுறாங்களோ, அந்த நேரத்துக்கு அங்க வந்து நிக்கும். நான் போடுறது காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. ரெண்டும் வலது மூலை. ஆனா பதினோரு மணி அடிச்சா ஏழும் இடது மூலையில வந்து கண்ணாடியை முட்டிக்கிட்டு நிக்குது. யாருக்காக?

— பசிக்கும். நிக்கும். இதுல என்ன துப்பு துலக்குறீங்க?

— ஃப்ரீசர்ல மீன் தீனிக்கு வச்ச இறால் கட்டி எங்க போச்சு? வேளைக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு. ஒரு மாசத்துக்கு வர வேண்டிய பாக்கெட் பதினஞ்சு நாள்ல காலி. நீயா தின்ன?

— ஆமாங்க. அந்தப் பொடி இறாலை ஐஸோட கடிச்சுத் தின்னாத்தான் எனக்குத் தூக்கமே வருது.

— பேச்சை மாத்தாத.

— நான் மாத்தல. தீர்ந்தா நான் வாங்கிப் போடுவேன், நீங்க ஃப்ரீசரைத் திறந்தே பார்த்ததில்ல. இப்ப உக்காந்து கட்டி எண்ணுறீங்க. அவ்வளவு நேரம் உங்களுக்கு எங்க இருந்து வந்துச்சு?

— நான் சும்மா கேக்குறேன், அவ்வளவுதான். மடியில கனம் இல்லன்னா வழியில ஏன் பயம்?

— அதே பழமொழிதான் எனக்கும் ஞாபகம் வந்துச்சு. சரி, பதினோரு மணிக்கு மீன் நின்னதை என்னைக்குப் பார்த்தீங்க?

— அது... ஞாயித்துக்கிழமை.

— ஞாயித்துக்கிழமை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உங்க அக்கா வீட்லல்ல இருந்தோம்?

— அப்ப அதுக்கு முந்தின ஞாயிறு.

— அன்னைக்கு உங்க அக்கா இங்க வந்திருந்தாங்க. தொட்டிக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்து பூரா நேரமும் பேசினாங்க. மீன் என்ன, அந்தப் பக்கம் நான்கூடப் போகல.

— என்னை எதுக்குக் குறுக்கு விசாரணை பண்ற? வந்தவன் ஆம்பளை! அதுக்கு என்ன சொல்ற?

— ஆம்பளைன்னு மீன் சொல்லிச்சா?

— இருமுறான். நான் கேட்டேன். என்னமோ வீட்டுக்காரன் மாதிரி வாசல்லயே கணீர்னு இருமிட்டு, சாவி போட்டுத் திறந்து உள்ள வர்றான். என்ன தைரியம்! செருப்பைக் கழட்டுறான், ஃப்ரீசரைத் திறக்குறான், தொட்டிகிட்ட நின்னு ஏதோ முணுமுணுக்குறான். கால் மணி நேரம். ரெண்டு மணிக்கு மறுபடியும். அவன்கிட்ட சாவி எப்படி வந்துச்சு?

— இதெல்லாம் எங்க இருந்து கேட்டீங்க?

— எங்க இருந்தா என்ன?

— எங்க இருந்து?

— ...பாத்ரூம்ல இருந்து.

— நம்ம வீட்டு பாத்ரூம்லயா? வேலை நாள்ல, பகல் பதினோரு மணிக்கா? சொல்லுங்க. இப்ப நான் சும்மா கேக்குறேன்.

— மூணு வாரமாச்சு. ஸ்டோருக்கு ஆள் வேண்டாம்னுட்டாங்க. பதினாலு வருஷம். கணக்கை முடிச்சு ஒரு கவர்ல போட்டுக் கையில கொடுத்தாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எட்டு மணிக்குக் கிளம்பி, தெருவைச் சுத்திட்டு, நீ போனதும் திரும்பி வந்துடுவேன். நீ கட்டிக் கொடுத்த சோத்தை இந்த மேசையிலயே உக்காந்து திங்குறேன்.

— சரி, சாவி சத்தம் கேட்டுச்சே, எட்டிப் பார்த்திருக்கலாம்ல?

— எப்படிப் பார்ப்பேன்? பார்த்தா அவன் யாருன்னு தெரிஞ்சுபோயிடுமே. வேலையும் போய், நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? கதவைத் தாழ் போட்டுக்கிட்டு உள்ளயே நிப்பேன். சொல்லிடு. அவன் யாரு?

— என் தம்பி.

— யாரு? அவனா? இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேனே!

— சொன்னீங்க. "வேலைவெட்டி இல்லாத பய, தண்டச்சோறு"ன்னு உங்க அக்கா குடும்பம் பூரா இருக்கும்போது சொன்னீங்க. இப்ப பார்சல் வண்டி ஓட்டுறான். இந்தத் தெருவுக்குப் பதினோரு மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு ஒரு தடவை வருவான்.

— வந்தா? அவன் எதுக்கு என் மீனுக்குத் தீனி போடணும்?

— முதல்ல வாங்கின அஞ்சும் என்ன ஆச்சு? ரெண்டு வேளை போட்டீங்க. வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி ஆகி, ஒண்ணொண்ணாச் செத்துச்சு. நீங்க ரெண்டு நாள் சாப்பிடல. கடைக்காரர்கிட்ட கேட்டேன். "கடல்ல இதுங்க நாள் பூரா கொறிச்சுக்கிட்டே இருக்கும்மா, வயித்துல சேர்த்து வைக்கத் தெரியாது, நாலு வேளையாவது போடணும்"னாரு. உங்ககிட்ட சொன்னா கேப்பீங்களா? "எனக்குத் தெரியாததா"ன்னுவீங்க. அதான் இந்த ஏழும் வந்த அன்னைக்கே அவன்கிட்ட சாவியைக் கொடுத்தேன். ஏழு மாசமா "என் கைராசி"ன்னு தெருவுக்கே சொன்னீங்க. சொல்லட்டும்னு விட்டேன்.

— அவனா போட்டான்...

— அவன்தான்.

— இந்தா பாரு, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எனக்கு வேலை போனது ஊருக்கே தெரியட்டும், அவனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அன்னைக்கு நான் பேசின பேச்சுக்கு அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?

— முதல் நாளே அவனுக்குத் தெரியும். பாத்ரூம் கதவுக்குக் கீழ உங்க கால் தெரிஞ்சுதாம், டயர் விழுந்து நகம் கறுத்த கட்டைவிரலோட. நேரா லேபுக்கு வந்தான். "அக்கா, மாமாவுக்கு வேலை போயிடுச்சு போல. நீயா கேக்காத, அவரா சொல்லட்டும்"னான்.

— தெரிஞ்சுமா தினம் வந்தான்?

— மீன் சாகக் கூடாதே. அவனுக்கு சளியும் இல்ல, இருமலும் இல்லங்க. நீங்க எழுந்து போய் ஒளிஞ்சுக்க நேரம் வேணுமேன்னு, ரெண்டாம் நாள்ல இருந்து வாசல்லயே நின்னு இருமிட்டு, பாத்ரூம் தாழ் விழுற சத்தம் கேட்டப்புறம்தான் சாவியைப் போடுறான்.