தெரியாததற்கு ரோஸ் நிறம்

காலைத் தொங்கப் போடாதீர்கள். நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்... சொல்கிறேன். நடுவில் சிரிக்கிறவன் கதை முடிந்ததும் தனியாகத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான், இப்போதே சொல்லிவிட்டேன்.

இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி ஜெயபாலனின் மனைவி தினேஸ்வரிக்கு ஒரு தம்பி உண்டு, சுரேன். அவனுக்கு நடந்தது. அவன் வாயாலேயே கேட்டேன்.

சாயங்காலம் ஆறரை மணி. ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட்டைத் தாண்டி உள்ளே பிரிகிற ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. அதற்கு முன்னால் அது ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ஜனங்களை ஈப்போ அடுக்குமாடிகளுக்கு விரட்டினார்கள், நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். இப்போது அந்தச் சாலையில் மாடுகூட மேயாது. சுரேனின் வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அவன் வேலை கொஞ்சம் வேடிக்கையான வேலை. ஓர் இடத்தில் மண் தோண்டுவதற்கு முன்னால், உள்ளே என்ன புதைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கரண்ட் கேபிள், தண்ணீர்க் குழாய், இப்படி. கரண்டோ தண்ணீரோ, மீட்டர் வரைக்கும்தான் கம்பெனிக்காரன் பொறுப்பு. மீட்டரைத் தாண்டித் தனியார் நிலத்துக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டான். அங்கேதான் சுரேனைக் கூப்பிடுவார்கள். அவனிடம் ஒரு பெட்டி, ஒரு கோல். பெட்டி குழாய்க்குள் சிக்னலை அனுப்பும். கோல் தரைக்கு மேலிருந்து அதைக் கேட்டுக் கத்தும். எங்கே கத்துகிறதோ அங்கே சாயம் அடித்து, பக்கத்தில் ஆழத்தை எழுதுவான். கரண்டுக்குச் சிவப்பு. தண்ணீருக்கு நீலம். என்னவென்று தெரியாததற்கு ரோஸ்.

அன்றைக்கு அவன் கோடு தப்பவே கூடாது. ஏனென்றால் மறுநாள் காலையில் அங்கே தோண்டப் போகிற மண்வாரி மெஷினை ஓட்டுகிறவன் ஜெயபாலன்தான். அம்மா அப்பா போன பிறகு சுரேனைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்ட மனிதன். சுரேனின் கோடு ஒரு முழம் தப்பினால் மெஷினின் பல் கரண்ட் ஓடுகிற கேபிளில் இறங்கும். புறப்படும்போது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ கோடு போட்டாத்தான் அவரு மண்ணுல கை வைப்பாரு. அவசரப்பட்டு ஏதாச்சும் செஞ்சு வெச்சிறாதடா."

நிலத்துக்காரர் ஸ்கந்தராஜா. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், விடுமுறை வீடு கட்ட அந்தத் துண்டை வாங்கியிருந்தார். கேட்டைத் திறந்துவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

"என்ட காணியில ஒண்டும் இல்லை. கெதியா முடிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ."

"சீக்கிரம் முடிச்சிர்றேன், ஆனா இல்லைன்னு நீங்க சொன்னா பத்தாது சார். நான் பாக்கணும். நீங்களும் கொஞ்சம் எறங்கி வந்து காட்டுனா..."

"உங்கட வேலையைப் பாருங்கோ." கண்ணாடி ஏறியது. அந்த மனிதர் தன் சொந்த மண்ணில் ஒரு கால்கூட வைக்கவில்லை. சுரேனுக்கு எரிச்சல்தான் வந்தது. வர வேண்டியது சந்தேகம்.

மறுநாள் வேலைக்காக முன்கூட்டியே வந்திருந்த ஜெயபாலன், மெஷினை லாரியிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தி, லாரியை அனுப்பிவிட்டு, சுரேனோடு வீடு திரும்புவதற்காக மேலே சீட்டிலேயே சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். சுரேன் சிவப்பை முடித்தான், நீலத்தை முடித்தான். கடைசியாக ஒன்று மிச்சம். புதருக்குள்ளிருந்து துருப்பிடித்த பழைய குழாய் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும்.

பெட்டிக்கு இரண்டு கிளிப். ஒன்றைக் குழாயில் மாட்டினான். இன்னொன்றை மண்ணில் அடித்த இரும்பில் மாட்ட வேண்டும். தன்னுடைய கம்பியை அடித்தான், செம்மண் பாறை மாதிரி... வளைந்துகொண்டது. வெளிச்சம் வேறு குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் பார்த்தால், ஒரு பட்ட மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்பு. மூன்றாகப் பிரிந்திருந்த தலை, இரண்டு முறிந்து ஒன்று மட்டும் நின்றது. அடியில் கறுத்துச் சுருண்ட எலுமிச்சைத் தோல், மண்ணில் புதைந்த பியர் போத்தலின் கழுத்து. தோட்டத்துத் தமிழனுக்கு அது என்ன இடம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேலேயிருந்து ஜெயபாலன் பார்த்துவிட்டான். "டேய் சுரேன்! அது முனியாண்டி எடம்டா. அதுல போயி மாட்டுற?"

"சாமி எப்பவோ டவுனுக்குப் போயிருச்சு மாமா. சனங்க போறப்பவே பிடிமண்ணு எடுத்துட்டுப் போயி அவங்க குடியிருக்கிற தாமான்ல கோயில் கட்டிட்டாங்க. இது வெறும் கம்பி லா."

உண்மைதான். ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனால் சாமியும் கூடவே போய்விடும், அதுதான் நம் வழக்கம். அவன் அந்தக் கணக்கில்தான் மாட்டினான். ஆனால் ஒன்று கேட்கிறேன், காவல்காரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள், சரி. அவன் இத்தனை வருஷம் எதை உள்ளே வைத்துக் காத்துக்கொண்டிருந்தான்? அதை யாராவது யோசித்தார்களா?

கிளிப்பை மாட்டியதும் கோல் கத்தியது. நல்ல, தெளிவான சத்தம். கோடு பழைய லயம் இருந்த பக்கமாக நேரே போனது. ரோஸ் சாயத்தை அடித்துக்கொண்டே நடந்தான். ஆழம் இரண்டு மீட்டர் காட்டியது, எழுதினான். சரிபார்க்கத் திரும்பி வந்தால்... சாயத்துக்கு மேலே சத்தம் இல்லை. ஒரு கை தள்ளி இருந்தது. ஆழம் ஒன்றரை.

குழாய் நகருமா? மறுபடி சாயம் அடித்தான். மறுபடி திரும்பினான். மறுபடி தள்ளியிருந்தது. ஆழம் ஒன்று.

அப்போதுதான் வாடை. புளித்துப்போன ரப்பர் ஒட்டுப்பால் வாடை... மூக்கைப் பிடுங்கும் நாற்றம். அந்த வட்டாரத்தில் ரப்பர் மரம் வெட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சில்வண்டுச் சத்தம் யாரோ விரலால் அமுக்கியது போல் நின்றது. கோலின் சத்தமும் மாறிவிட்டது. ஒரே இழுப்பாகக் கத்த வேண்டியது, விட்டு விட்டுக் கத்தியது. ஒரு சத்தம்... இடைவெளி... ஒரு சத்தம்... இடைவெளி. யாரோ நிதானமாக நடந்து வருகிற கணக்கு.

சுரேன் ஓடிப்போய் கம்பியிலிருந்து கிளிப்பைப் பிடுங்கினான். கோல் கத்திக்கொண்டே இருந்தது. பெட்டியை அணைத்தான். கத்தியது. பேட்டரியைக் கழற்றிப் புல்லில் எறிந்தான். இன்னும் பலமாகக் கத்தியது. சிக்னலை அனுப்புவது பெட்டி இல்லை.

கோலை வீசித் தேடினான். கோடு இப்போது லயத்துப் பக்கம் இல்லை. திரும்பிவிட்டது. நேரே மெஷினைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஆழம் அரை. கம்பியில் கை வைத்தவன் இவன்... அது போனது ஜெயபாலனைத் தேடி. அந்த நிமிஷம் அவனுக்கு அழுகை வந்துவிட்டதாம். 'என்னைப் பிடி, மாமாவை விட்டுடு' என்று வாய்விட்டே சொன்னானாம். கோல் அவனை மதிக்கவில்லை.

"மாமா! எறங்காதீங்க! காலத் தரையில வெக்காதீங்க!"

"என்னடா? கேபிளா?"

"தெரியல மாமா! எறங்காதீங்க!"

கோடு மெஷினின் சங்கிலிச் சக்கரத்தைத் தொட்டது. நின்றது. பிறகு மெஷினைச் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக, இடம் விடாமல், ஒரு முழு வட்டம். சுரேன் ஏன் என்று தெரியாமலே அதன்மேல் சாயம் அடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். வட்டம் கூடியதும் மெஷினின் வயிற்றுக்குக் கீழே, இரும்புத் தகட்டில் சத்தம். டொக்... டொக்... டொக். ஜெயபாலன் சாவியைத் திருகினான். என்ஜின் இருமக்கூட இல்லை.

"மாமா, ரெண்டு காலையும் சேத்து வெச்சுக் குதிங்க! வட்டத்துக்கு வெளிய! கோட்ட மிதிச்சிறாதீங்க!"

கரண்ட் கசிகிற இடத்தில் அப்படித்தான் குதிக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். ஜெயபாலன் கனத்த உடம்புக்காரன். குதித்தான். விழுந்து புரண்டான். குதிகால் கோட்டில் பட்டதா இல்லையா... இரண்டு பேருக்கும் தெரியாது. கோல், சாயம், பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வேனுக்கு ஓடினார்கள்.

ஸ்கந்தராஜாவின் காரைக் காணோம். கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. பாவி மனுஷன், இவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். சுரேன் வேனாலேயே கேட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியேறினான். கடைசியில் அவர் நம்பருக்கு அடித்தபோது ஒரே ஒரு வார்த்தை கேட்டாராம். "வெளியில வந்திட்டியளோ?" கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவேயில்லை.

ஈப்போவில் அவர்கள் வீடு நாலாவது மாடி. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயபாலன் குளித்தான், நன்றாகவே சாப்பிட்டான், படுத்துத் தூங்கினான். மண்ணைவிட்டு இவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று சுரேனுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஹாலில் பாயை விரித்துப் படுத்தான்.

காலையில் அக்காவின் குரல்தான் எழுப்பியது.

"டேய்! வீட்டுக்குள்ள எதுக்குடா சாயம் அடிச்ச? துடைச்சா போகவே மாட்டேங்குது!"

ரோஸ் கோடு. மாடிப்படியில் ஏறி, பூட்டிய கதவுக்கு அடியில் நுழைந்து, அவன் பாயை ஒட்டியே வந்து, அக்காவின் அறைக்குள் போயிருந்தது. பக்கத்தில் ஆழம் எழுதியிருந்தது, படிக்குப் படி குறைந்துகொண்டே. சுரேனின் கையெழுத்து. அவனுடைய சாய டப்பா லகாட்டில் கிடக்கிறது.

கோடு கட்டில் காலருகே நின்றது. ஜெயபாலன் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் ஈரம் காயாத ரோஸ் சாயம். எண் இல்லை. ஓர் அம்புக்குறி மட்டும், குதிகாலிலிருந்து உடம்பை நோக்கி. கோடு இங்கே முடியவில்லை, இந்த வழியாக இன்னும் உள்ளே போகிறது என்று காட்ட சுரேன் வேலையில் போடும் குறி அதுதான்.