பழங்காநத்தத்தில் இறங்க வேண்டியவர்கள்

திருநகரில் ஏறிய மூவர் பழங்காநத்தத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்து, என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்த கணவர் இரண்டாவது நிறுத்தத்திலேயே தூங்கிவிட்டார். நடுவில் மனைவி, அடுத்து அவளுடைய அண்ணன்.

"தலைக்குக் கரண்டு குடுத்தா சூடு ஏறாதாண்ணே?"

"லேசான கரண்டும்மா. மூளையில ஓடுற அலையை அடக்கித் தூங்க வைக்குமாம். ஆறு மாசமாத் தூங்காத மாப்ள, இந்த ஒன்பது நாளா எப்படித் தூங்குறாரு பாரு."

"சூட்டுக்குப் பயந்து, தினமும் உச்சியில விளக்கெண்ணெய் வச்சுத்தான் அனுப்புனேன்."

"எண்ணெய் கூடாதுன்னு பழங்காநத்தத்து டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! கரண்டு உள்ள போயே இருக்காது."

"அப்ப தூக்கம் எதுல வந்துச்சு?"

"தெரியலையே. இன்னைக்குக் கரண்டைக் கூட்டுறேன்னாரு. எண்ணெய் வச்சதைச் சொல்லிரு."

"சொன்னா எண்ணெயை நிறுத்தச் சொல்வாரு. எண்ணெயிலதான் தூங்குறாகன்னா?"

நடத்துநர் "பழங்காநத்தம்" என்று இரண்டு முறை கத்தினார். அண்ணன் மாப்பிள்ளையை எழுப்பக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதண்ணே. பெறகு தூக்கம் வரலைன்னா?"

அதற்கப்புறம் மூன்று நிறுத்தங்கள் போயின. டிக்கெட் பழங்காநத்தம் வரைதான் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணனின் கையை அவள் விடவில்லை.