பச்சை சைக்கிளில் மிச்சமிருந்தது

சைக்கிள் பிரேம் உடைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஹாண்டில் பாரைக் கழற்றிக் கட்டிலுக்கு மேலே சங்கிலியில் தொங்கவிட்டால், படுத்திருப்பவர் அதைப் பிடித்து எழுந்து உட்காரலாம். முன் ஃபோர்க்கைச் சுவரில் பதித்தால் துணி மாட்டலாம். சீட்டுக் குழாயின் மேல் பலகை பொருத்தினால் சாப்பாட்டு மேசை. எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. நீங்களே பார்த்தீர்கள்.

எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம். மாலை வகுப்பில் வெல்டிங் கற்கிறேன். அன்றன்று கற்றதை எழுதிவைப்பேன். எழுதியது சரிதானா என்று மறுநாள் சந்தேகம் வரும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

சைக்கிள் அக்காவுடையது. அப்பா அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள். தையல் ஆலைக்கு அதில்தான் போய்வருவாள். ஆலையின் வேறொரு ஊர்க் கிளையில் அவளுக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. தங்க அறையும் தருவார்கள், ஒருவருக்கு மட்டும்.

"நீ என்ன பச்சைக் குழந்தையா? சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். அப்புறம் என்னடா?" என்றாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். பாடிக்கொண்டே தட்டினாள்.

அதே வாரம் சைக்கிளை என்னிடம் விட்டாள். "கீழ்க் குழாயில விரிசல் மாதிரி இருக்குடா. கிளம்புற வரைக்கும் ஓடினா போதும்."

பார்த்தேன். விரிசல் பாதிக் குழாயைச் சுற்றியிருந்தது. அதற்கு வெல்டிங் வகுப்பு மாஸ்டர் சொல்லித்தந்த முறை உண்டு. "முதல்ல விரிசலை ராவித் திறக்கணும், அப்புறம்தான் பத்தவைக்கணும். மேலே பூசி மூடினா பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனா எவன் பல்லாவது போகும்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், எழுதியும் வைத்தேன்.

நான் விரிசலைத் திறக்கவில்லை, பற்றவைக்கவும் இல்லை; மேலே பட்டி மாவைப் பூசி மூடினேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, அதே பச்சை வண்ணம் அடித்தேன். அக்கா தடவிப் பார்த்து, "அடேயப்பா, இருந்த இடமே தெரியலையே" என்றாள். என் வேலையை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பட்டியே தாங்கிவிடலாம். தாங்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது அல்லவா?

ஆலைக்குப் போகும் சரிவில் சைக்கிள் உடைந்தது. அக்காவுக்கு இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்தன. வேறு ஊர் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் சொன்னவற்றை எல்லாம் அப்போதுதான் செய்தேன். "டேய் மெக்கானிக், இனி மணி மட்டும்தான் மிச்சம். அதையும் என் கழுத்துல கட்டிவிட்டுடு" என்பாள். இருவரும் சிரிப்போம். மணியைக் கட்டிலின் தலைமாட்டில் பொருத்தினேன். அவள் அடித்தால் ஓடிவருவேன். வீடு ஒரு வீடாக இருந்தது அந்த மாதங்களில்தான்.

பிறகு மருத்துவர் அவள் காலை மடக்கிப் பார்த்தார். நடக்கப் பழகலாம், ஊன்றி நடக்க நாலு கால் நடைச்சட்டம் ஒன்று வாங்குங்கள் என்றார்.

"வாங்கறதா? என் தம்பி செய்வான் டாக்டர்" என்றாள் அக்கா. அவர் போனதும், "ஆலைக்கு ஒரு போன் போட்டுக் கேளுடா, அந்த ஊர்ல வேற ஏதாவது இடம் காலியாகுமான்னு" என்றாள். மாலையில் மறுபடி பாடினாள்.

பிரேமில் மிச்சமிருந்த குழாய்களை வெட்டிச் சட்டம் செய்தேன். கால்கள் சேரும் மூட்டுகள் நான்கு. மூன்றை மாஸ்டர் சொன்னபடியே பற்றவைத்தேன். இழுத்துப் பாருங்கள், அசையாது. நான்காவதில் ஒரு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, மேலே பட்டி பூசினேன்.

அறையைக் கடந்து வாசல்வரை அவளே நடந்தாள். முதல் படியில் சட்டத்தை ஊன்றினாள். இந்தமுறை முதுகெலும்பு. இனி எழுந்து நிற்கமாட்டாள் என்கிறார்கள். பார்க்க வந்த மாஸ்டர் சட்டத்தின் உடைந்த மூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்தார்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். அப்படி நினைத்திருந்தால் நான்கிலும் பூசியிருப்பேனே.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களாம். தலைமாட்டு மணியைக் கழற்றிவிடச் சொன்னாளாம். வலியில் சொல்லியிருப்பாள். நான் இல்லாமல் அவள் யாரைக் கூப்பிடுவாள்?

உங்கள் வேலை முடிந்ததும் அந்த நடைச்சட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தடுப்பு வைக்க அந்தக் குழாய்கள் போதும். அக்கா விழுந்துவிடக் கூடாது.